ஈ போட்டோ ஷார்ப்பாதானே இருக்கு, அப்புறம் பேர் சொல்ல ஏன் இவ்ளோ யோசிக்கறாங்க?

பட்டாம்பூச்சி போட்டோவ காட்டினா பாதிப் பேர் டக்குனு பேர் சொல்லிடுவாங்க, பறவைன்னா கேக்கவே வேணாம், புக்க கூட தொறக்க மாட்டாங்க. ஈ போட்டோவ காட்டி இது என்ன ஈன்னு கேட்டுப் பாருங்க. விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட இருந்தே "சார்கோஃபேகா ஏதோ ஒண்ணு, அதுக்கு மேல போட்டோல சொல்ல முடியாது"ன்னு பதில் வரும் (சார்கோஃபேகாங்கறது ஒரு ஈ கூட்டத்தோட பேரு, ஒரு தனி ஈயோட பேரு இல்ல), கேட்டவருக்கு கடுப்பாயிடும், ஏன்னா அவர் மொபைல்ல மேக்ரோ லென்ஸ் மாட்டி மூச்ச புடிச்சுகிட்டு, கண்ணுல இருக்கற கட்டம் ஒவ்வொண்ணும் தெரியற அளவுக்கு எடுத்திருப்பாரு. இதுக்கு மேல என்ன தெளிவு வேணும்?

தெளிவு பிரச்சனையே இல்லங்க. ஒரு ஈய இன்னொரு ஈகிட்ட இருந்து பிரிக்கற அடையாளம் உடம்புல எங்கயோ ஒரு மூலைல இருக்கும். றெக்கை நரம்போட வளைவுல இருக்கலாம், தலைக்குப் பின்னாடி நிக்கற ரெண்டு மூணு முடில இருக்கலாம், ஆண் ஈயோட வால் நுனிக்குள்ள மடிஞ்சு கெடக்கற உறுப்புல இருக்கலாம். அந்த மூலை படத்துல விழுந்துச்சா இல்லையாங்கறதுதான் கேள்வி. விழுந்திருந்தா கொஞ்சம் மங்கலான படத்துலயே பேர் சொல்லிடலாம், விழலன்னா எவ்ளோ காஸ்ட்லி லென்ஸும் உதவாது.

இது எவ்ளோ பெரிய கூட்டம்னு மொதல்ல ஒரு அளவு வேணும். பறவைங்க உலகம் பூரா சேத்தாலும் சுமார் 11,000 இனம்தான். ஈ வகையறால, அதாவது ரெண்டே றெக்கை இருக்கற டிப்டெரா வரிசைல, பேர் வச்சதே ஒன்றரை லட்சத்துக்கு மேல இருக்கு, கொசுவும் இதுக்குள்ளதான் வருது. பேர் வைக்காதது எவ்ளோன்னு யோசிக்கணும்னா 2015ல வந்த ஒரு ஆராய்ச்சிய பாக்கலாம், லாஸ் ஏஞ்சலஸ் சிட்டிக்குள்ள வீட்டுத் தோட்டங்கள்ல வலைக் கூடாரம் கட்டி பூச்சி புடிச்சவங்களுக்கு மெகாசீலியாங்கற ஒரே பேரினத்துல (நெருங்கின சொந்தக்கார இனங்களோட கூட்டம்) மட்டும் 30 புது இனம் கெடச்சுது. காடு இல்ல மலை இல்ல, ஊர் நடுவுல. எல்லாம் ரெண்டு மூணு மில்லிமீட்டர் சைஸ், வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான். ஜன்னல் கண்ணாடில குடுகுடுன்னு ஓடுற பழுப்பு கலர் குட்டி ஈய போட்டோ எடுத்து ஸ்பீசிஸ் கேட்டா யாரும் வாய தொறக்காததுக்கு காரணம் இதுதான்.

சரி, அது ஈயாவே இருக்கணுமே. பேப்பர்ல தேனீ பத்தின செய்திக்கு ஒரு பூ ஈ (பூவுல வந்து உக்கார்ற, தேனீ மாதிரி தெரியற ஈ) படத்த போட்டு வைக்கறது ரொம்ப சகஜம். தேனீக்கு நாலு றெக்கை ஈக்கு ரெண்டுன்னு ஸ்கூல்ல படிச்சது போட்டோல பெருசா உதவாது, ஏன்னா தேனீயோட பின் றெக்கை முன் றெக்கைல சின்னச் சின்ன கொக்கி போட்டு மாட்டிகிட்டு ஒண்ணாட்டம் தெரியும். மூஞ்சியத்தான் பாக்கணும். தேனீக்கும் குளவிக்கும் உணர்கொம்பு நீளமா முழங்கை மாதிரி மடங்கி நீட்டிகிட்டு இருக்கும், பூ ஈக்கு பெரும்பாலும் மூக்கு மேல ரெண்டு குட்டி மொட்டும் அதுல ஒரு முடியும்தான், கண்ணு தலைய முக்கால்வாசி அடைச்சுகிட்டு இருக்கும். பின் றெக்கை இருக்க வேண்டிய எடத்துல ஈக்கு ஒரு குண்டூசி மாதிரி உறுப்பு இருக்கும், பறக்கும்போது பேலன்ஸ் பண்றது அதுதான், ஆனா அது நீளக்கால் ஈ மாதிரி ஒல்லியா இருக்கறதுல தெளிவா தெரியும், வீட்டு ஈல ஒரு வெள்ளை மடல் மூடிகிட்டு இருக்கறதால மேல இருந்து எடுத்தா தெரியாது.

எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ்னு ஒரு ஈ அச்சு அசல் தேனீயாட்டமே இருக்கும். செத்த மாட்டு உடம்புல இருந்து தேனீ பொறக்கும்னு பழைய கிரேக்க ரோமானிய ஆளுங்க நம்பினாங்க இல்லையா, அவங்க பாத்தது தேனீயே இல்ல, அழுகின தண்ணில புழு வளர்ற இந்த ஈதான்னு 1890கள்ல ஆஸ்டன்-சாக்கன்னு ஒருத்தர் விளக்கமா எழுதினாரு. ரஷ்ய அரசாங்கத்துக்கு தூதரக வேலை பாத்துகிட்டே ஈ ஆராய்ச்சி பண்ண மனுஷன். ஈ உடம்புல எந்த முடி எங்க இருக்குன்னு ஒவ்வொரு முடிக்கும் பேர் வச்சு அத ஒரு முறையா ஆக்கினதும் இவர்தான். இன்னிக்கும் நிபுணர்கள் போட்டோவ பெருசு பண்ணி மொதல்ல தேடுறது அந்த முடிங்களத்தான், கலர பாக்கறது அப்புறம்தான்.

கலர நம்பறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. எபிசிர்ஃபஸ் பால்டியாட்டஸ்னு ஒரு பூ ஈ, ஐரோப்பால இருந்து ஆசியா வரைக்கும் பரவிக் கெடக்கு, ஆரஞ்சு வயித்துல ஒரே பட்டைல ஒரு கட்டி கருப்புக் கோடும் ஒரு மெலிசு கோடும் சேந்து மீசை வச்ச மாதிரி இருக்கும், மேல இருந்து ஒரே ஒரு போட்டோ போதும், பேர் சொல்லிடலாம். ஈ உலகத்துல இவ்ளோ சுலபமா மாட்டுறது கொஞ்சம்தான். அதுவே குளிர்ல கூட்டுப்புழுவா இருந்து வந்துச்சுன்னா கருப்பு கூடிப் போயி வேற ஈ மாதிரி தெரியும். அப்புறம் அப்பத்தான் கூட்டுல இருந்து வெளில வந்த ஈ வெளுத்துப் போயி, றெக்கை சுருண்டு, சிலது நெத்தில ஒரு பலூன் ஊதிகிட்டு நிக்கும், அந்தப் பலூன வச்சுத்தான் அது கூட்ட உடைச்சுகிட்டு வெளில வருது, அத போட்டோ எடுத்து இது என்ன நோய்னு கேக்கறவங்க உண்டு. நோய் இல்ல, கொஞ்ச நேரம் விட்டா சாதாரண ஈயாயிடும்.

வீட்டுக்குள்ள வர்ற சாம்பல் கலர் ஈங்கள எடுத்துக்குவோம், ஏன்னா இதுலதான் எல்லாரும் "வீட்டு ஈ"ன்னு சொல்லி முடிச்சிடறாங்க. உண்மையான வீட்டு ஈ மஸ்கா டொமஸ்டிகாவுக்கு முதுகுல நாலு கருப்புக் கோடு. புண்ணுலயும் கொழந்தைங்க கண்ணுலயும் வந்து மொய்க்கற மஸ்கா சார்பென்ஸுக்கு ரெண்டு அகலக் கோடு, கண்ணுல டிரக்கோமா நோய பரப்பறதுல இதுக்கு பெரிய பங்கு இருக்கு. மூணு கோடும் வயித்துல செஸ் போர்டு மாதிரி கட்டமும் சிவப்புக் கண்ணும் இருந்தா அது சார்கோஃபேகா கூட்டம். மாட்டுக் கொட்டாய் பக்கம் கடிக்கற ஈ ஸ்டொமாக்ஸிஸ், தூரத்துல பாத்தா வீட்டு ஈயேதான், சைடுல இருந்து ஒரு படம் எடுத்தா வாய் ஊசியாட்டம் முன்னாடி நீட்டிகிட்டு இருக்கறது தெரிஞ்சிடும். லைட்டுக்குக் கீழ ரூம் நடுவுல சும்மா சுத்திகிட்டே இருக்குமே, உக்காரவே உக்காராது, அது ஃபேனியாவா இருக்க வாய்ப்பு நெறைய, அதோட றெக்கைல நடு நரம்பு நேரா ஓரம் வரைக்கும் போகும், வீட்டு ஈல அதே நரம்பு நுனிக்கு முன்னாடி சட்டுனு மேல் பக்கம் ஒடிஞ்சு போகும். இந்த ஒரு ஒடிசல வச்சே பல ஈங்கள குடும்பம் வாரியா ஒதுக்கிடலாம், றெக்கை படத்துல விரிஞ்சு தெரியணும், அவ்ளோதான்.

அடுத்தது பச்சை ஈ. மீன் மார்க்கெட்ல கருவாட்டு மேல மினுமினுன்னு உக்காந்திருக்குமே அதேதான். இத ஒரு ஏஐ ஆப்ல போட்டா டக்குனு லூசிலியா செரிகாட்டான்னு வந்து விழும், ஏன்னா ஐரோப்பாலயும் அமெரிக்காலயும் எடுத்த பச்சை ஈ போட்டோல பேர் போனது அதுதான். நம்ம பக்கத்து மீன் கடைல உக்காந்திருக்கறது பெரும்பாலும் கிரைசோமியா மெகாசெஃபலா. உடம்பு குண்டா, கண்ணு பெருசா சிவப்பா, கன்னம் ஆரஞ்சு கலர்ல இருக்கும், வயித்துல ஒவ்வொரு பட்டையோட ஓரத்துலயும் கருப்பு விளிம்பு இருக்கும். ஆண் ஈக்கு ரெண்டு கண்ணும் உச்சில ஒட்டிகிட்டு மேல் பாதில கட்டமெல்லாம் பெருசு பெருசா இருக்கும். இதெல்லாம் நேரா மூஞ்சிக்கு முன்னாடி நின்னு எடுத்தாத்தான் தெரியும், நாம எல்லாரும் எடுக்கறது முதுகத்தான், பளபளப்பு அங்கதானே இருக்கு.

லூசிலியாவே வந்துட்டாலும் வேலை முடியல. செரிகாட்டாவும் குப்ரினாங்கற இன்னொரு லூசிலியாவும் அண்ணன் தம்பி மாதிரி, தலைக்குப் பின்னாடி ஒரு சின்ன இடத்துல செரிகாட்டாவுக்கு ஆறேழு குட்டி முடி, குப்ரினாவுக்கு ஒண்ணே ஒண்ணு. முன் தொடைல குப்ரினாவுக்கு பச்சை மினுமினுப்பு இருக்கும்ங்கறது இன்னொரு அடையாளம். இவ்ளோ நுணுக்கம் எதுக்குன்னு கேக்கலாம். ஆஸ்திரேலியால உயிரோட இருக்கற ஆட்டு மேல முட்டை போட்டு புழு வச்சு கொல்றது முக்கியமா குப்ரினாதான், அதனால அங்க ஆடு வளக்கறவனுக்கு இந்த முடி கணக்கு காசு கணக்கு. நம்ம போட்டோல இந்த முடிய எண்ண முடியுமான்னா, பின்னந்தலைய குறி வச்சு எடுத்தா முடியும், ஆனா ஈ நமக்கு பின்னந்தலைய காட்டிகிட்டு ரொம்ப நேரம் உக்காராது.

சார்கோஃபேகா கதை இதவிட மோசம். இனங்களுக்கு நடுவுல வெளித்தோற்றத்துல உருப்படியா ஒரு வித்தியாசமும் கெடைக்காது, ஆண் ஈய புடிச்சு வால் பகுதிய இழுத்து விரிச்சு உள்ள இருக்கற உறுப்போட வடிவத்த மைக்ரோஸ்கோப்ல பாத்தாத்தான் பேரு. பெண் ஈன்னா அதுவும் பெரும்பாலும் கஷ்டம். ஸோ போட்டோக்கு "சார்கோஃபேகா"ன்னு மட்டும் சொல்றவர் சோம்பேறித்தனமா சொல்லல, தெரிஞ்சுதான் அங்க நிறுத்தறாரு. முழுப் பேரையும் தைரியமா சொல்றவரத்தான் நான் சந்தேகமா பாப்பேன். பழக் கூடைல பறக்கற டிரோசோஃபிலாலயும் இதே கதைதான், மெலனோகாஸ்டர்ங்கற இனத்த வச்சு மரபியல் விஞ்ஞானி மார்கனோட லேப்ல வருஷக் கணக்கா ராத்திரி பகலா அதையே பாத்துகிட்டு இருந்தாங்க, அதுகூட அச்சா அதே மாதிரி சிமுலன்ஸ்னு இன்னொரு இனம் இருக்குன்னு அதே குரூப்ல இருந்த ஸ்டர்ட்டவன்ட் 1919லதான் எழுதினாரு. ஆண் ஈயோட பின்புற உறுப்புலதான் நம்பிக்கையான வித்தியாசம், பெண் ஈங்கள பாத்து பிரிக்கறது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

இதெல்லாம் மியூசியம் ஆளுங்களோட வேலையத்த விவகாரம்னு தோணினா மாம்பழத்துக்கு வருவோம். 2014 மே 1ல இருந்து இந்தியால இருந்து போற மாம்பழம், கத்தரிக்காய், சேம்பு, பாகற்காய், புடலங்காய் இது அஞ்சையும் ஐரோப்பிய யூனியன் நிறுத்தி வச்சுது, சரக்குல பழ ஈ மாதிரி பூச்சிங்க இருந்ததுதான் காரணம், மாம்பழத்துக்கு மட்டும் 2015 ஆரம்பத்துல தடைய எடுத்தாங்க. பழ ஈல எந்த இனம்ங்கறது இங்க நேரா வியாபாரம். நல்ல வேளையா இந்தக் கூட்டத்துல போட்டோ ஓரளவுக்கு பேசும். பேக்ட்ரோசெரா டார்சாலிஸுக்கு முதுகு பெரும்பாலும் கருப்பு, ரெண்டு பக்கமும் மஞ்சள் பட்டை, வயித்துல டி எழுத்து மாதிரி கருப்பு, றெக்கையோட முன் ஓரத்துல அடில இருந்து நுனி வரைக்கும் விடாம ஒரு கருப்பு விளிம்பு. சொனாட்டாவுக்கு முதுகு செம்பழுப்பு, றெக்கைல அந்த விளிம்பு விட்டுப் போயி நுனில ஒரு பொட்டு மட்டும். கொய்யாவுல வர்ற பேக்ட்ரோசெரா கரெக்டாவுக்கும் நுனிப் பொட்டுதான், முதுகு கருப்பு. பாகல் புடலைல வர்ற சூகோடேகஸ் குகர்பிட்டேக்கு முதுகு நடுவுல ஒரு மஞ்சள் கோடு கூடுதலா இருக்கும், றெக்கை நுனில பெரிய கறையும், குறுக்கு நரம்பு மேல ஒரு பட்டையும் வேற. றெக்கைய விரிச்சு வச்சுகிட்டு நடக்கற பழக்கம் இதுங்களுக்கு இருக்கறதால போட்டோகிராஃபருக்கு பாதி வேலை மிச்சம்.

ஆனா டார்சாலிஸ்குள்ளேயே போனா மறுபடி இருட்டு. 2003ல கென்யால ஒரு பழ ஈ திடீர்னு மாந்தோப்புல பரவ ஆரம்பிச்சுது, இலங்கைல கெடச்ச மாதிரிகளோட ஒப்பிட்டு 2005ல அதுக்கு பேக்ட்ரோசெரா இன்வேடன்ஸ்னு தனிப் பேர் வச்சாங்க, ஆப்பிரிக்கால பல நாட்டுல மாம்பழ ஏற்றுமதிய அது படுத்தின பாடு கொஞ்ச நஞ்சம் இல்ல. உருவம், மரபணு, இனச்சேர்க்கை எல்லாத்தையும் சேத்து வச்சுப் பாத்து கடைசில 2015 வாக்குல இது தனி இனமே இல்ல, நம்ம டார்சாலிஸேதான்னு முடிவாச்சு, அது கூட பப்பாயே, ஃபிலிப்பினென்சிஸ்னு இருந்த வேற ரெண்டு பேரும் காலி. கைல ஆயிரக் கணக்குல ஈய வச்சிருந்தவங்களுக்கே பத்து வருஷம் ஆச்சு. அந்த நடுவுல இன்வேடன்ஸ்னு பேர் போட்டு வச்ச போட்டோவெல்லாம் பேர் மாறிடுச்சு, ஆனா எந்த ஊர்ல எந்தப் பழத்துல எந்தத் தேதில எடுத்ததுங்கறது மாறல, அதனால அந்தப் பதிவுக்கு மதிப்பு அப்படியே இருக்கு.

போட்டோ நல்லா ஜெயிச்ச இடம் கொசு. டெங்கு பரப்பற ஏடிஸ்ல ஏஜிப்டை கொசுவுக்கு முதுகுல ஒரு யாழ் மாதிரி வளைஞ்ச வெள்ளைக் கோடு, அல்போபிக்டஸுக்கு நடுவுல நேரா ஒரே ஒரு வெள்ளைக் கோடு. முதுகு கோடு தேயாம இருந்தா மொபைல் போட்டோவே போதும். ஸ்பெயின்ல மஸ்கிட்டோ அலர்ட்னு ஒரு ஆப் 2014ல இருந்து ஓடுது, பொதுமக்கள் கொசு போட்டோ அனுப்புவாங்க, பூச்சி நிபுணர்கள் பாத்து பேர் சொல்லுவாங்க. 2018ல வடக்குல அஸ்டூரியாஸ்ங்கற பகுதில இருந்து ஒருத்தர் அனுப்பின படத்த பாத்துத்தான் ஏடிஸ் ஜப்போனிக்கஸ் ஸ்பெயினுக்குள்ள நுழைஞ்சுருச்சுன்னு மொதல் தடவையா தெரிஞ்சுது. அங்கயும் போட்டோவோட நிறுத்தல, ஆளுங்க நேர்ல போயி கொசு புடிச்சு உறுதி பண்ணினாங்க. போட்டோவ தகவலா எடுத்துகிட்டு ஓடினாங்க, தீர்ப்பா எடுத்துக்கல, எனக்கு இந்த முறை ரொம்ப புடிச்சிருக்கு.

போட்டோவையே தீர்ப்பா எடுத்துக்கலாமான்னு ஒரு பெரிய சண்டையே நடந்துச்சு, அதுவும் ஒரு ஈய வச்சுத்தான். 2015ல மார்ஷல், ஈவன்ஹியூஸ்னு ரெண்டு பேர் ரொம்ப அனுபவமான ஈ நிபுணர்கள், தென்னாப்பிரிக்கால எடுத்த போட்டோவ மட்டும் வச்சு மார்லீமியா சைலோகோப்பேன்னு ஒரு புது இனத்துக்கு பேர் வச்சாங்க. மரத்த ஓட்டை போடற பெரிய தச்சுத் தேனீ மாதிரி வேஷம் போடற ஈ அது. புடிச்சு வச்ச ஈ ஒண்ணு கூட இல்ல. அடுத்த வருஷமே இது சரிப்படாது, உடம்பு இல்லாம போட்டோவ வச்சு பேர் வச்சா நாளைக்கு யாரும் சரி பாக்க முடியாதுன்னு கிட்டத்தட்ட 500 ஆராய்ச்சியாளர்கள் கையெழுத்து போட்டாங்க. 2017ல பேர் விதிகள பாத்துக்கற சர்வதேச கமிஷன் தடை எதுவும் போடாம, ஸ்பெசிமன் (புடிச்சுப் பாதுகாத்து வைக்கற உடம்பு) வைக்காம பேர் வச்சா ஏன் வைக்கலன்னு காரணம் எழுதுங்கன்னு ஒரு பரிந்துரைய சேத்துச்சு. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குன்னு சொல்லி நழுவ மாட்டேன், ஈ விஷயத்துல எதிர்ப்பு பக்கம்தான் எனக்கு சரின்னு படுது, ஏன்னா இன்னிக்கு போட்டோல நாம எடுக்காம விட்ட மூலைதான் நாளைக்கு ரெண்டு இனத்த பிரிக்கற மூலையா இருக்கும். மலேசியா கதை இதுக்கு நல்ல உதாரணம், சிலாங்கூர் காட்டுல ஒருத்தர் எடுத்து இன்டர்நெட்ல போட்ட படத்துல இருந்த பச்சை லேஸ்விங் (வலை மாதிரி றெக்கை இருக்கற பூச்சி), அது ஈ இல்லன்னாலும் விஷயம் ஒண்ணுதான், புதுசு மாதிரி இருக்கேன்னு ஒரு நிபுணர் கண்ணுல பட்டுச்சு, படம் எடுத்தவரே மறுபடி போயி ஒண்ண புடிச்சுகிட்டு வந்தப்புறம்தான் 2012ல அதுக்கு செமாக்ரைசா ஜேட்னு பேர் வந்துச்சு. லண்டன் மியூசியத்துல பல வருஷம் முன்னாடி புடிச்ச ஒண்ணு பேரில்லாம கெடந்ததும் அப்பத்தான் தெரிஞ்சுது.

நம்ம ஊருக்கு இன்னொரு கஷ்டம் கூட இருக்கு. இங்கிலாந்துல பூ ஈ போட்டோ எடுக்கறவனுக்கு கைல படம் போட்ட நல்ல கைட் இருக்கு. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஃபானா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியாங்கற வெள்ளைக்காரங்க காலத்து விலங்கு புக் வரிசையோட தொகுதிங்களத்தான் இன்னும் பல குடும்பத்துக்கு பொரட்ட வேண்டியிருக்கு, பூ ஈங்கள பத்தின தொகுதி 1923ல வந்தது, எழுதினது என்ரிகோ புருனெட்டி, பொழப்புக்கு மியூசிக், ஆர்வத்துக்கு ஈ. கலர் படத்த எதிர்பாக்காதீங்க, எல்லாம் முடி, நரம்பு, கால் நிறம்னு வாக்கியமாத்தான் இருக்கும். அதுக்கப்புறம் பேருங்க மாறி, பேரினம் மாறி, புது இனம் சேந்து, பல விஷயம் தனித்தனி ஆராய்ச்சிக் கட்டுரைங்கள்ல செதறிக் கெடக்கு. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப் தர்ற பேர நம்ம ஊர் ஈக்கு அப்படியே எடுத்துக்க வேணாம்னு நான் சொல்றதுக்கு காரணமும் இதுதான், அது ஏற்கனவே ஜனங்க பேர் போட்டு வச்ச போட்டோங்கள பாத்து கத்துக்கிட்டது, யாரும் போட்டோவுக்கு பேர் போடாத இனத்த அதுக்கு தெரியவே தெரியாது, தெரியலன்னும் பளிச்சுனு சொல்லாது, கிட்ட இருக்கற வேற ஒரு பேர நீட்டும். அத ஒருத்தர் ஓகே பண்ண, இன்னொருத்தர் ஆமா போட, அந்தத் தப்பு அடுத்த ரவுண்டு பாடமா ஆயிடும்.

எடுக்கறவங்க பண்ணக்கூடியது சிம்பிள்தான். ஒரே ஈய மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, மூஞ்சிக்கு நேரா ஒண்ணு எடுங்க, அழகான ஒண்ண மட்டும் வச்சுகிட்டு மத்தத டெலீட் பண்ணாதீங்க, மங்கலா இருக்கற அந்தப் பக்கவாட்டுப் படத்துலதான் முதுகுக்கு பின்னாடி குட்டி மேடு மாதிரி ஒண்ணு தெரிஞ்சு இது புழுவுக்குள்ள புழு வைக்கற டக்கினிட் ஈன்னு குடும்பத்தையே சொல்லிடும். றெக்கை நரம்பு வேணும்னா பின்னாடி வெளிச்சம் இருக்கற மாதிரி கோணம் மாத்துங்க, ஃபிளாஷ் நேரா அடிச்சா பளபள உடம்புல வெள்ளைத் திட்டு விழுந்து முடியெல்லாம் காணாம போயிடும், ஒரு டிஷ்யூ பேப்பர வச்சு மறைங்க. விடிகாலைல குளிருக்கு ஈ மந்தமா இருக்கும், பக்கத்துல போக விடும். ஊரு, தேதி, எந்தச் செடி, சாணியா பழமா கருவாடா, இதையும் கூடவே எழுதி வைங்க, சைஸுக்கு பக்கத்துல ஒரு ஸ்கேலோ காசோ இருந்தா இன்னும் நல்லது.

அப்புறம் ஜன்னல் ஓரத்துலயும் டியூப் லைட் கவருக்குள்ளயும் செத்துக் கெடக்கற ஈய பெருக்கி எறியாதீங்க. போட்டோல காட்டாத எல்லா மூலையும் அதுல அப்படியே இருக்கு, முடி, நரம்பு, வால் நுனி எல்லாமே. ஒரு தீப்பெட்டில பஞ்சு வச்சு, ஊர் பேரும் தேதியும் பென்சில்ல எழுதின துண்டுப் பேப்பர் போட்டு, எறும்பு போகாத இடத்துல வச்சா போதும், ரொம்ப குட்டி ஈன்னா மூடி போட்ட பாட்டில்ல ஸ்பிரிட். அதே ஈய உயிரோட எடுத்த போட்டோவும் உங்ககிட்ட இருந்துச்சுன்னா, எந்த நிபுணரும் கேட்டு வாங்குவாங்க.